பதினேழாம் பக்கத்துப் பெஞ்சுகள்

அத்தியாயம் 4

நகர மன்றத்தின் ஆண்டறிக்கையை நான் இரண்டு விரலால் பிடித்துத்தான் படித்தேன். ஐந்து விரலையும் கொடுக்கும் அளவுக்கு அது மரியாதைக்குரிய புத்தகம் இல்லை.

வழவழப்பான தாள். மூன்றாம் பக்கத்தில் மன்றத் தலைவரின் படம். நான்காம் பக்கத்தில் அதே தலைவர், பக்கவாட்டில். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு தெருவிளக்கை அண்ணாந்து பார்க்கிறார். பதினோராம் பக்கத்தில் தூர் வாரிய சாக்கடையைக் குனிந்து பார்க்கிறார். ஓராண்டில் இந்த ஊருக்கு நடந்த நன்மை முழுவதும் ஒரு மனிதரின் கழுத்து அசைவில் அடங்கிவிட்டது.

பதினேழாம் பக்கத்தில்தான் என் தம்பியின் தலை உருண்டுகொண்டிருந்தது. 'பொதுமக்கள் இளைப்பாறப் பன்னிரண்டு தெருக்களில் பன்னிரண்டு தேக்கு பெஞ்சுகள்' என்று தலைப்பு. கீழே பன்னிரண்டு படங்கள். அறிக்கை வீடு வீடாகப் போன மூன்றாம் நாள், பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் மன்றத்துக்குக் கடிதம் போட்டார். எங்கள் தெருவில் இருப்பதாகப் போட்டிருக்கிறீர்களே, அந்த பெஞ்சு எங்கே, எனக்கு முட்டி வலி, உட்கார வேண்டும் என்று. மன்றத்து ஆட்கள் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். பன்னிரண்டு தெருவிலும் பெஞ்சு இல்லை. பன்னிரண்டும் வந்து சேர்ந்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தவன் மன்றத்தின் ஸ்டோர் கீப்பர். ஸ்டோர் கீப்பர் என் தம்பி. ஆகவே என் தம்பி திருடன். தலைவரின் மூளைக்கு இதற்கு மேல் படி ஏறத் தெரியாது.

இன்று மாலை நான்கு மணிக்கு ஆண்டுக் கூட்டம். முதல் தீர்மானம், அறிக்கையைப் பாராட்டுவது. இரண்டாவது தீர்மானம், என் தம்பியை வேலையை விட்டு நீக்கிப் போலீசிடம் ஒப்படைப்பது.

எங்கள் வீட்டு வாசற்படியில் ஒரு போலீஸ்காரர் கால் வைத்ததில்லை, வழி கேட்பதற்குக்கூட.

நேற்று தம்பியைக் கூப்பிட்டு விசாரித்தேன். அறை வாசலிலேயே நின்று தன் செருப்பைப் பார்த்தபடி, "நான் திருடலைண்ணே" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவதுதான் தொழில். ஊரார் பொருளையெல்லாம் தேடித் தந்தவனுக்குத் தன் வீட்டு மானத்தைத் தேட வேண்டிய காலம் வந்தது. உதவிக்கு என் மைத்துனன் இருந்தான், என் மனைவியின் தம்பி. உதவி என்பது அவனாகச் சொல்லிக்கொள்வது.

"அத்தான், பன்னிரண்டு பெஞ்சைத் தூக்கிட்டுப் போய் அவர் என்ன பண்ணுவார்? அவங்க வீட்ல மொத்தமே நாலு பேர். ஆளுக்கு மூணா?"

"வாயை மூடிக்கிட்டுப் படத்தைப் பாரு."

"வாய்க்கும் கண்ணுக்கும் எனக்குத் தனித்தனி லைன் அத்தான். ரெண்டும் ஒரே நேரத்துல வேலை செய்யும்."

பூதக்கண்ணாடியை அவன் பக்கம் தள்ளினேன். மணி பத்து.

இந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலை செய்தாலும் அதை ஒரு 'பயனாளி' அனுபவிப்பது போலப் படம் எடுக்க வேண்டும். குழாய் போட்டால் ஒருவர் குடத்தோடு நிற்க வேண்டும். விளக்கு போட்டால் ஒருவர் அதன் கீழே செய்தித்தாள் படிக்க வேண்டும், பட்டப்பகலாக இருந்தாலும். பயனாளி இல்லாத படம் அச்சுக்குப் போகாது. ஆகவே பன்னிரண்டு பெஞ்சிலும் பன்னிரண்டு பயனாளிகள் உட்கார்ந்து, பல் வலிக்காரர்கள் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கே உட்கார்ந்திருக்காங்கன்னு பார்த்தியா?" என்றேன்.

"பெஞ்சு மேலதான்."

"பெஞ்சுல எங்கே?"

அவன் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு படமாக விரலை நகர்த்தினான். விரல் மெதுவானது.

"எல்லாரும் வலது ஓரத்துல. நாலு பேர் உக்கார்ற பெஞ்சு அத்தான் இது! இந்தப் புருஷன் பெண்டாட்டியைப் பாருங்க, இத்தனை இடம் கிடக்க, ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காராத குறையா ஒண்டிக்கிட்டு இருக்காங்க. அவ்வளவு பாசமா?"

"பாசம் ஒரு தெருவுல இருக்கலாம். பன்னிரண்டு தெருவுலயும் வலது ஓரத்துலயே இருக்காது. இப்போ இடது பக்கம் காலைப் பாரு. பின்னங்கால்."

பின்னங்காலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு இருந்தது. கைப்பிடி அளவுச் சின்னத் துண்டு. முதல் படத்தில் இருந்தது. ஏழாம் படத்தில் இருந்தது. பன்னிரண்டாம் படத்திலும் இருந்தது. ஒரு தெரு மேடு, ஒரு தெரு பள்ளம், ஒன்று சிமெண்டுத் தளம், ஒன்று புல்தரை. தரை மாறியது, பயனாளி மாறினார், கால் மட்டும் மாறவில்லை.

"பன்னிரண்டு பெஞ்சு செய்த தச்சன் பன்னிரண்டுக்கும் ஒரே காலையா நொண்டியாக்குவான்?" என்றேன். "இருந்தது ஒரே பெஞ்சு. தெருத்தெருவா ஊர்வலம் போயிருக்கு. வராத பெஞ்சை யாரும் திருட முடியாது. தலைவரோட மொத்த சாதனையும் ஒரு நொண்டி பெஞ்சு!"

மைத்துனன் சிரிக்கவில்லை. "எந்தக் கால்னு சொன்னீங்க?"

"இடது பின்னங்கால். காது கேக்கலையா?"

"கேக்குது அத்தான்" என்றான். பூதக்கண்ணாடியை மூடி உறையில் போட்டான். "இதோட நிறுத்திக்கலாமே. இந்தப் படத்தைக் கூட்டத்துல காட்டினா போதாதா?"

வாங்காத நாற்காலிக்குக்கூட மூன்று ஜோக் வைத்திருப்பவன். அவன் அப்போது ஒரு ஜோக்கும் அடிக்காததை நான் கவனித்திருக்க வேண்டும்.

"படத்தைக் காட்டினா, ஒரே மாதிரி பெஞ்சு ஒரே மாதிரிதான் இருக்கும்னு அந்த ஆள் மழுப்புவான். பெஞ்சையே கொண்டுபோய் நடுக்கூடத்துல வைக்கணும். கிளம்பு."

முதல் மூன்று தெருவில் ஒன்றும் கிடைக்கவில்லை. பெஞ்சு பதித்ததாகச் சொன்ன இடத்தில் ஆணி அடித்த துளை இல்லை, கால் அழுந்திய தடம் இல்லை. டீச்சரின் தெருவில் பெஞ்சு இருந்ததாகச் சொல்லும் இடத்தில் ஒரு மாடு படுத்திருந்தது. "பயனாளி" என்றான் மைத்துனன். ஆனால் குரலில் வழக்கமான எண்ணெய் இல்லை.

நான்காம் தெருவில் ஒரு தையல்காரம்மாவின் கடை. படத்தில் சிரித்தவரே அங்கே மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். அறிக்கையைக் காட்டினேன். ஊசியை நிறுத்தாமலே பார்த்தார்.

"நான்தான். இதுல நல்லாவே விழல."

"பெஞ்சு எங்கேம்மா?"

"அதை அன்னிக்கே தூக்கிட்டுப் போயிட்டாங்களே. என்னைக் கூப்பிட்டு உக்காரச் சொன்னாங்க. எதுக்குன்னேன். இளைப்பாறுறீங்கன்னாங்க. எனக்கு ஏழு பாவாடை பாக்கி இருக்கு, யாரு இளைப்பாறுறதுன்னேன். சிரிங்கன்னாங்க."

"எவ்வளவு நேரம் இளைப்பாறினீங்க?" என்றான் மைத்துனன்.

"ரெண்டு பட்டன் தைக்கிற நேரம். நடுவுல உக்காரப் போனேன், போட்டோக்காரர் ஓடி வந்தார். அந்தப் பக்கம் போகாதீங்க, கவுந்துடும்னார். எனக்கு முன்னாடி தலைவர் உக்காந்து கவுந்திருப்பார்போல, பேன்ட் முழுக்கப் பச்சைப் பெயிண்ட்."

அந்தக் காட்சியை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து அனுபவித்தேன். பிறகு கேட்டேன். "யார் எடுத்துட்டுப் போனாங்க?"

"ரெண்டு கூலியாளுங்க வண்டியில ஏத்தினாங்க. கூட ஒருத்தர் வந்திருந்தார். மெலிஞ்ச மனுஷன், கண்ணாடி, பேசவே மாட்டேங்கிறார். பெஞ்சு இடிச்சிடப் போகுது, இடிச்சிடப் போகுதுன்னு அவர்தான் பதறிக்கிட்டே இருந்தார். கூலியாளு ஒருத்தன், 'ஏன் சார் இவ்வளவு பயப்படுறீங்க, மன்றத்துப் பொருள்தானே'ன்னான். அதுக்கு அவர், 'மெதுவாய்யா, எங்கப்பா செஞ்சது'ன்னார்."



மைத்துனன் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டான். நான் அறிக்கையைத் திரும்ப விரித்தேன். பச்சைப் பெயிண்டை மனதால் சுரண்டினேன். கைப்பிடியின் வளைவு. முதுகுச் சட்டத்தில் ஐந்து குறுக்குப் பலகை. என் தகப்பனார் தன் கையால் செய்த பெஞ்சு. அதை எங்கள் கூடத்தில் போட்டு, அதில் உட்கார்ந்துதான் ஊர்க்காரர்களோடு பேசினார். சொத்துப் பிரித்தபோது அது தம்பி பங்குக்குப் போயிற்று. பன்னிரண்டு முறை பூதக்கண்ணாடியால் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தேன். "உனக்கு எப்போ தெரிஞ்சது?"

"நீங்க காலைச் சொன்னப்பவே" என்றான். "அக்கா கல்யாணத்தன்னிக்கு அதுல இடது ஓரத்துல உக்காந்து, டீயோட கவுந்தவன் நான். முப்பத்தாறு வருஷம் ஆச்சு. என் இடுப்புக்கு இன்னும் அந்தக் கால் ஞாபகம் இருக்கு."

"அது தரைக் கோளாறு" என்றேன்.

"ஆமா அத்தான். தரைக் கோளாறு" என்றான், ரொம்பப் பணிவாக.

தம்பி வீட்டில் அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள். என்னிடம் நேராகப் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. கதவிடம் சொல்வாள், கதவு எனக்குச் சொல்லும்.

"வந்துட்டாங்க" என்றாள் கதவிடம். "மூணு நாளா ஒருத்தர் சாப்பிடலை. அதையும் யாராவது துப்பறிஞ்சா தேவலை."

பின்கட்டில், துவைத்த துணி மலையாய்க் குவிந்திருந்த இடத்தில், துணிக்கு அடியில் பச்சையாய் நான்கு கால் தெரிந்தது. இடது பின்னங்காலுக்குக் கீழே அந்த மரத்துண்டு. அதன் பக்கத்தில் தரையில் தம்பி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஐம்பத்தேழு வயது ஆகிறது, இன்னும் எழுந்து நிற்கிறான்.

"சொல்லு" என்றேன்.

"பெஞ்சு வரலைண்ணே. ஆர்டர் போட்டாங்களா இல்லையான்னே தெரியாது. அறிக்கை அச்சுக்குப் போகணும்னு தலைவர் குதிச்சார். படத்துக்கு மட்டும் எங்கேயாவது ஒண்ணு புடிச்சுக் கொண்டா, அடுத்த வாரம் பன்னிரண்டும் வந்துடும்னார். நான் இதைக் கொடுத்தேன். வந்ததா கையெழுத்தும் போடச் சொன்னார். போட்டேன்."

"வராத பொருளுக்கு?"

"ஆமாண்ணே."

"அப்பா பெஞ்சைத் தெருத்தெருவா இழுத்து, பச்சை பூசி, கண்டவனை உக்கார வெச்சு..." எனக்குக் குரல் ஏறியது. "நேத்தே ஏன்டா சொல்லல? உன்னைத் திருடன்னு சொல்றான் அந்த ஆள்!"

தம்பி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

"தலைவர்கிட்ட மாட்டினா வேலைதான்ணே போகும். உங்ககிட்ட மாட்டினா, சாகிற வரைக்கும் நீங்க என் முகத்தைப் பார்க்க மாட்டீங்க."

உள்ளே கதவு ஒன்று மூக்கை உறிஞ்சியது. என் மைத்துனன் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தான். அவனுக்குத் துணி காயப்போடத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அத்தான், ஒரு விஷயம்" என்றான் ஒரு போர்வைக்குப் பின்னாலிருந்து. "பெஞ்சு வெளியில இருந்தவரைக்கும் அது நமக்கு ஆயுதம். இவர் வீட்டுக் கொல்லையில கிடைச்சா அது அவங்களுக்கு ஆயுதம். இதைத் தூக்கிட்டுப் போனீங்கன்னா, 'பாருங்க, திருட்டுப் பெஞ்சு திருடன் வீட்டுலயே கிடைச்சது'ன்னு அந்த ஆள் பாடுவான். இது உங்க அப்பா பெஞ்சுதான்னு எப்படிக் காட்டுவீங்க? அப்பா பேர் எழுதலை. போட்டோ இல்லை. இருக்கிற அடையாளம் ஒண்ணுதான்."

போர்வையின் மேல் ஓரத்தில் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை பெஞ்சின் இடது பின்னங்காலைப் பார்த்தன. பிறகு என்னைப் பார்த்தன.

"வண்டி ஒண்ணு பிடி" என்றேன்.

மன்றக் கூடத்தில் விசிறிகள் சுற்றின. மேடையில் தலைவர், இரு பக்கமும் உறுப்பினர்கள், எல்லார் முன்னாலும் ஒவ்வொரு அறிக்கை. பின்வரிசையில் ஊர் மக்கள். முட்டி வலி டீச்சர் முதல் ஆளாய் வந்து இடம் பிடித்திருந்தார். பாராட்டுத் தீர்மானம் முடிந்து கைதட்டல் ஓயும் நேரத்தில், நாங்கள் மூவரும் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் நுழைந்தோம். இடிக்காமல் கொண்டுபோவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. மேடைக்கு எதிரே வைத்து, மரத்துண்டைக் காலுக்கு அடியில் கொடுத்தோம்.

தலைவர் பெஞ்சைப் பார்த்தார். கை தானாகத் தன் பேன்டின் பின்புறத்தைத் தடவியது. பிறகு முகம் மலர்ந்தது.

"எங்கேருந்து கொண்டு வர்றீங்க?"

"என் தம்பி வீட்டுல இருந்து."

மைத்துனன் சொன்னதை ஏறக்குறைய அப்படியே அந்த மனிதர் சொன்னார். "எல்லாரும் கேட்டுக்குங்க! திருட்டுப் பெஞ்சு திருடன் வீட்டுல இருந்தே வந்திருக்கு! கொண்டு வந்தவர் சொந்த அண்ணன்! மீதி பதினொண்ணு எங்கே சார்?"

கூடம் கலகலத்தது. நான் காத்திருந்தேன். கூச்சல் போடுபவர்களுக்கு நடுவே பேசும் பழக்கம் எனக்கு இல்லை. ஓய்ந்ததும், பதினேழாம் பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். ஓரத்தில் ஒண்டிய பயனாளிகளைக் காட்டினேன். காலுக்கு அடியில் இருந்த துண்டைக் காட்டினேன். கூடம் முழுக்கத் தாள் புரளும் சத்தம் கேட்டது. டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"அதனால என்ன?" என்றார் தலைவர். "ஒரே தச்சன், ஒரே டிசைன். பன்னிரண்டுக்கும் ஒரே குறை. இதெல்லாம் உற்பத்திக் குறைபாடு."

இப்படி ஒரு சொல்லை அவர் எங்கிருந்தோ பொறுக்கி வைத்திருந்தார். உறுப்பினர்கள் இருவர் தலையாட்டினார்கள். தம்பி என் பின்னால் நின்றான். அவன் மூச்சு எனக்குக் கேட்டது.

மைத்துனன் பெஞ்சைக் கவிழ்த்தான். நான் குனிந்து அந்த மரத்துண்டை எடுத்தேன். தம்பியின் பேனாக்கத்தியால் காலின் அடிப்பக்கத்தில் பச்சையைச் சுரண்டினேன். உள்ளே பழைய வார்னிஷ், கறுத்த தேக்கு. துண்டைக் காலின் வெட்டுமுகத்தில் வைத்தேன். மரத்தின் ரேகை, ஒரு கோடு பிசகாமல், காலிலிருந்து துண்டுக்குள் ஓடியது.

"இந்தத் துண்டு இந்தக் கால்ல இருந்து அறுத்தது" என்றேன். "புது பெஞ்சு செய்யற எந்தத் தச்சனும் காலை அறுத்து, அறுத்த துண்டையே அடியில முட்டுக் கொடுத்து அனுப்ப மாட்டான். இது என் தகப்பனார் செஞ்ச பெஞ்சு. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால இதை அறுத்தவன் யார்னு எனக்குத் தெரியும்."

"யாரு?" என்றார் தலைவர்.

"நான்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை போலிருந்தது. திரும்பச் சொன்னேன்.

"நான்தான். என் கல்யாணத்துக்கு முந்தின வாரம். பெண் வீட்டார் உக்காரும்போது பெஞ்சு லேசா ஆடக் கூடாதுன்னு ரம்பம் எடுத்தேன். நூல் அளவு எடுக்க வேண்டிய இடத்துல ரெண்டு விரற்கடை எடுத்துட்டேன். அளவு தப்பு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் அந்தச் சிரிப்பைப் பற்றிக்கொண்டார். "நில அளவைக்காரர்! இந்த ஊரு எல்லைக் கல்லெல்லாம் நீங்க நட்டது. ஒரு பெஞ்சுக் கால் அளக்கத் தெரியலையா?"

"தெரியலை" என்றேன். "ஆனா ஒரு காலை அறுத்துட்டு நாலுன்னு கணக்குச் சொல்லலை. நீங்க ஒரு பெஞ்சை வெச்சுக்கிட்டுப் பன்னிரண்டுன்னு அச்சடிச்சிருக்கீங்க. மீதி பதினொண்ணு எங்கேன்னு கேட்டீங்களே, அதை நாங்களும் கேக்கறோம்."

இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. டீச்சர் எழுந்து நின்றார். "அப்போ எங்க தெரு பெஞ்சுல நான் உக்காரவே முடியாது, அப்படித்தானே?" என்று கேட்டார். தலைவரின் கழுத்து, அண்ணாந்தும் குனிந்தும் பழகிய அந்தக் கழுத்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

நான் தம்பியின் பக்கம் திரும்பினேன். "மீதியை நீ சொல்லு."

அவன் ஓர் அடி முன்னால் வந்தான். சொன்னான். வராத பொருளுக்கு வந்ததாகக் கையெழுத்துப் போட்டதையும், யார் போடச் சொன்னார்கள் என்பதையும், எந்தெந்தத் தெருவுக்கு எந்தெந்த நாள் வண்டி போனது என்பதையும், செருப்பைப் பார்க்காமல் சொன்னான்.

"திருடன் இல்லை இவன்" என்றேன் உறுப்பினர்களிடம். "பொய்க் கையெழுத்துப் போட்டவன். அதுக்கு என்ன தண்டனையோ, கொடுங்க. எங்க வீட்டுப் பிள்ளை வாங்கிக்குவான்."

தலையாட்டிய அதே இரண்டு உறுப்பினர்கள் இப்போது எழுந்து, இரண்டாவது தீர்மானத்தை நிறுத்திவைத்துப் பதினேழாம் பக்கத்தை விசாரிக்க வேண்டும் என்றார்கள். அவர்களுடைய தைரியத்துக்கு நான் மதிப்பெண் போடவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் எழுந்தார்கள்.

வெளியே, மன்றத்துப் படிக்கட்டுக்குக் கீழே பெஞ்சை இறக்கினோம். வண்டிக்காரன் இன்னும் வரவில்லை. டீச்சர் எங்கள் பின்னாலேயே வந்து, அனுமதி கேட்காமல் வலது ஓரத்தில் உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டார். பதினேழாம் பக்கத்துக்குக் கிடைத்த ஒரே உண்மையான பயனாளி.

தம்பி கொஞ்சம் தள்ளி நின்றான். நான் மரத்துண்டைக் காலுக்கு அடியில் வைத்து, அவனைப் பார்த்தேன். முகத்தைத்தான் பார்த்தேன்.

"உக்காருடா. மூணு நாளா சாப்பிடலையாமே."

அவன் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மிச்சம் இருந்தது இடது ஓரம். அதில் நான் உட்கார்ந்தேன். பெஞ்சு ஒருமுறை ஆடி, நின்றது.

மைத்துனன் எதிரே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் துடித்தது. முப்பத்தாறு வருடச் சரக்கு அவனிடம் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

"சொல்லித் தொலை" என்றேன்.

"ஒண்ணுமில்லை அத்தான்" என்றான். "தரைக் கோளாறோ என்னவோன்னு பார்த்தேன்."

"இல்லை" என்றேன். "தரை அன்னிக்கும் சரியாத்தான் இருந்தது."